டிரிட்டியம் பற்றி எழுதும் செய்தியாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் அறிவியல் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் தேங்கிய, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த நீரை ஜப்பான் 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விட்டுவருகிறது. அதைக் ‘கதிரியக்க நீர்’ என்று மட்டும் குறிப்பிட்டு நிறுத்தாமல், லிட்டருக்கு எத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்) என்பதையும் அதே செய்தியில் தர வேண்டுகிறேன்.

சாதாரண ஹைட்ரஜனின் கருவில் இருப்பது ஒரு புரோட்டான் மட்டுமே. டிரிட்டியத்தில் அதனுடன் இரண்டு நியூட்ரான்களும் உண்டு. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகவே ஆகிவிடுவதால், சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிரித்தெடுக்கும் அங்குள்ள சுத்திகரிப்பு அமைப்பால் இதைப் பிரிக்க முடிவதில்லை. நீரில் கரைந்ததை வடிக்கலாம், நீரிலிருந்து நீரை எப்படி வடிப்பது? இதன் அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள். வெளிப்படும் பீட்டா கதிர் தோலைத் தாண்டாத அளவுக்கு வலுவற்றது என்பதால், உடலுக்குள் போனால்தான் கவலை; போனாலும் பாதியளவு ஏறக்குறைய 10 நாட்களில் வெளியேறிவிடும்.

எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கு 22 லட்சம் கோடி பெக்கரல் வரை வெளியேற்றலாம் என்பது ஃபுகுஷிமாவுக்கான வரம்பு. கேட்டால் மலைப்பாக இருக்கும் இந்த அளவு, டிரிட்டியத்தின் எடையில் சுமார் 0.06 கிராம்தான். கடலில் விடும் நீரில் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு 10,000, ஐரோப்பிய ஒன்றியம் சொல்வது 100. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்தால், ஒரே நீரைக் கொடிய விஷமாகவும் காட்டலாம், பொருட்படுத்தத் தேவையற்றதாகவும் காட்டலாம். ஐரோப்பாவின் 100 ஆபத்தின் எல்லை அல்ல, அதைத் தாண்டினால் காரணத்தை ஆராய வேண்டும் என்பதற்கான குறி என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அச்சமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் 2009 நவம்பரில், ஊழியர்களின் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்த கனநீர் (டியூட்டிரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) சேர்க்கப்பட்டிருந்தது, வழக்கமான சிறுநீர்ச் சோதனையில்தான் வெளிப்பட்டது. கல்பாக்கத்தின் இரண்டு 220 மெகாவாட் உலைகளும் கைகாவைப் போலக் கனநீரைப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தவையே; கனநீரில் உள்ள டியூட்டிரியம் நியூட்ரானை உறிஞ்சும்போது டிரிட்டியம் உண்டாவதால், சாதாரண நீரைப் பயன்படுத்தும் கூடங்குளத்தைவிட அங்கே இதன் உற்பத்தி அதிகம். ஆகவே கல்பாக்கம் பற்றிய செய்தி வரும்போது, மாதிரி எங்கே எடுக்கப்பட்டது, அது குடிநீரா கடல்நீரா, லிட்டருக்கு எத்தனை பெக்கரல் என்று அதிகாரிகளிடம் கேட்டு, கிடைத்த விடையை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்