ஒரே ஒரு வளைவு: நம் கணித வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இடைச்செருகலை, அதாவது தந்த புள்ளிகளின் வழியே ஒரு வளைவை வரைந்து இடையில் விடுபட்ட மதிப்புகளைக் கண்டுபிடிப்பதை, இரண்டே கூட்டங்களில் முடித்துவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான்தான். ஆண்டு முழுக்க அதிலேயே போய்விட்டது; அடுத்த தலைப்பைத் தொடவே இல்லை. ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கான விளக்கமாகவே இந்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தில் 1, 2, 4, 8, 16 என்று பலகையில் எழுதி, அடுத்த எண் எது என்று கேட்டோம். 32 என்று பல குரல்கள். ஒரு வட்டத்தின் மேல் ஆறு புள்ளிகளை வைத்து எல்லா நாண்களையும் வரைந்தால், உள்ளே மூன்று நாண்கள் ஒரே இடத்தில் சந்திக்காதவரை, வட்டம் 31 துண்டுகளாகத்தான் பிரியும். ஒன்று முதல் ஐந்து வரையிலான புள்ளிகளுக்கு வருபவைதான் பலகையில் இருந்த ஐந்து எண்கள். அவற்றின் வழியே செல்லும் நாற்படிக் கோவையும் 31 என்றே சொல்கிறது. அப்படியானால் 32 தவறா? தவறில்லை. அந்த ஐந்து இடங்களிலும் பூச்சியமாகும் ஓர் ஐம்படியை வேண்டிய அளவு பெருக்கிக் கூட்டினால் 32 வரும். 1000 வேண்டுமானாலும் வரும். "அடுத்த எண் எது" என்று கேட்கும் தேர்வுகள் மீது எனக்கு இருந்த கோபத்துக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

படிக்கு ஒரு வரம்பு வைத்தால்தான் விடை ஒன்றாகிறது. வெவ்வேறு இடங்களில் ஐந்து மதிப்புகள் தந்தால், நான்குக்கு மிகாத படியில் ஒரே ஒரு பல்லுறுப்புக்கோவைதான் பொருந்தும். இரண்டு பொருந்தினால் அவற்றின் வித்தியாசத்துக்கு ஐந்து மூலங்கள் இருந்தாக வேண்டும். நாற்படிக்கு அத்தனை கிடையாது. அந்தக் கோவையை நேரடியாக எழுதித் தரும், லக்ராஞ்சியின் பெயரில் வழங்கும் சூத்திரத்தை வேரிங் 1779லேயே வெளியிட்டுவிட்டார். லக்ராஞ்சி தந்தது 1795ல். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"ஒன்று இருக்கிறதா, ஒன்றுதானா?" என்ற இந்தக் கேள்விதான் பிறகு எங்களை விடவே இல்லை.

ஓய்வு பெற்ற கணக்காசிரியர் ஒருவர் நடத்திய கூட்டம் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் என்பது என் கருத்து. அவர் பல்லுறுப்புக்கோவையைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றால் வகுத்தால் மீதி 2, ஐந்தால் வகுத்தால் 3, ஏழால் வகுத்தால் 2 வரும் எண் எது என்று பழைய சீனக் கணக்கைப் போட்டார். பிறகு 70, 21, 15 என்று மூன்று எண்களை எழுதினார். 70ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. ஐந்தாலும் ஏழாலும் மீதியின்றி வகுபடும். 21 அதே வேலையை ஐந்துக்குச் செய்கிறது, 15 ஏழுக்கு. இரண்டு 70, மூன்று 21, இரண்டு 15, கூட்டினால் 233. இரண்டு முறை 105 கழித்தால் 23. விடை வந்தாயிற்று.

இதற்கும் நம் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. அவர் ஒரே வரி சொன்னார்: ஒரு கோவையில் மாறிக்கு 4 என்று போட்டு வரும் மதிப்பும், மாறியிலிருந்து 4 கழித்த கோவையால் வகுத்து வரும் மீதியும் ஒன்றே. அவ்வளவுதான். ஓரிடத்தில் 1, மற்ற இடங்களில் 0 ஆகும் லக்ராஞ்சியின் துண்டுகள்தான் அந்த 70, 21, 15. மதிப்போடு சாய்வையும் சேர்த்துக் கேட்கும் ஹெர்மீட் இடைச்செருகலும் இதற்குள்ளேயே அடங்கும். வகுக்கும் காரணியை வர்க்கமாக்கினால் போதும். அன்று கூட்டம் முடிந்த பின்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதே உற்சாகத்தில், ஷமீர் 1979ல் தந்த ரகசியப் பகிர்வை (ஒரு ரகசிய எண்ணைப் பலருக்குப் பங்கிட்டு, போதிய பேர் சேர்ந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கச் செய்யும் முறை) நாங்களே செய்து பார்த்தோம். ரகசிய எண் 11. மாறிலி உறுப்பு 11, அடுத்த கெழுக்கள் 5, 2 கொண்ட இருபடிக் கோவை. கணக்கெல்லாம் 17ஆல் வகுத்த மீதியில். மாறிக்கு 1, 2, 3 என்று போட்டு, முதல் மூவருக்கு 1, 12, 10 என்று பங்குகள். மூவர் சேர்ந்தால், முதல் பங்கின் மூன்று மடங்கிலிருந்து இரண்டாவதின் மூன்று மடங்கைக் கழித்து மூன்றாவதைக் கூட்டினால் ரகசியம் கிடைக்க வேண்டும். கிடைத்தது −23. பத்து நிமிடம் பதற்றம். கடைசியில் மீதி எடுக்க மறந்துவிட்டோம் என்று தெரிந்தது. 34 கூட்டினால் 11. இருவர் மட்டும் சேர்ந்தால் 17 விடைகளும் சமமாகவே சாத்தியம், ஒன்றும் கசியாது.

புள்ளிகளைக் கூட்டக் கூட்டக் கோவை சார்பை விட்டு இன்னும் விலகக்கூடும் என்று ரூங்கே 1901ல் காட்டிய கோளாறையும் கணினியில் பார்த்தோம். எண்ணின் வர்க்கத்தை 25ஆல் பெருக்கி, 1 கூட்டி, தலைகீழாக்கினால் வரும் சாதுவான சார்பு அது. −1 முதல் 1 வரை சம இடைவெளியில் 11 புள்ளிகள் எடுத்தால் ஓரங்களில் பிழை 1.9ஐத் தொடுகிறது. 21 புள்ளிகள் எடுத்தால் 50ஐத் தாண்டுகிறது. ஓரங்களில் நெருக்கமாக அமையும் செபிஷேவ் புள்ளிகளை எடுத்தால் அடங்கிவிடுகிறது. ஆனால் புள்ளிகளை எப்படி முன்கூட்டியே நிர்ணயித்து அட்டவணை போட்டாலும், அதை ஏமாற்றும் தொடர்ச்சியான சார்பு ஒன்று உண்டு என்று ஃபேபர் 1914ல் நிறுவியிருக்கிறார்.

அப்புறம் தோல்விகள். பிர்காஃப் என்ற கணிதவியலாளர் கேட்டது போல, ஓரிடத்தில் மதிப்பை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் கேட்டால்? −1லும் 1லும் மதிப்பு பூச்சியம், நடுவில் 0வில் சாய்வு 1 என்று ஓர் இருபடிக் கோவை தேடினோம். கிடையவே கிடையாது. மூன்று நிபந்தனை, மூன்று கெழு, ஆனாலும் இல்லை.

இரண்டு மாறிகளுக்குப் போனதும் நிலைமை இன்னும் மோசம். இருபடிக்கு ஆறு கெழுக்கள். ஆறு புள்ளிகளும் ஒரே வட்டத்தில் விழுந்தால் "ஒன்றுதான்" என்பது போய்விடும். பல்லுறுப்புக்கோவைக்குப் பதில் வேறு தொடர்ச்சியான சார்புகளைத் தேர்ந்தால் தப்பிக்கலாமா என்றால், இரண்டு புள்ளிகளாவது இருக்கும்வரை அதுவும் நடக்காது. ஒரு மாணவி இரண்டு சாக்பீஸ் துண்டுகளை மேசையில் நகர்த்திக் காட்டினார். நேர்கோட்டில் இரண்டு புள்ளிகள் மோதாமல் இடம் மாற முடியாது. தளத்தில் சுற்றிக்கொண்டு போய் மாறலாம். மாறினால், கெழுக்களைக் காணும் சமன்பாடுகளின் அணிக்கோவை (அது பூச்சியமானால் "ஒன்றுதான்" என்பது போய்விடும்) குறி மாறும். இடையில் எங்கோ அது பூச்சியமாகியே தீரும். மெய்ர்ஹூபர் 1956ல் வெளியிட்ட தேற்றத்தின் சாரம் இதுதான். என் குறிப்பேட்டில் மூன்று பக்கம் பிடித்த நிறுவலை அந்தப் பெண் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வருகைப் பதிவேட்டில் இரண்டு கூட்டங்களுக்குக் கையெழுத்து வாங்க மறந்தது என் தவறு. அந்த இரண்டையும் மற்ற கூட்டங்களிலிருந்து இடைச்செருகலாமே என்றார் தலைவர். ரூங்கேயை நினைத்துக் கைவிட்டேன்.

வரும் ஆண்டுக்கு ஸ்ப்லைன்களை, அதாவது சிறு கோவைத் துண்டுகளை வழவழப்பாக ஒட்டிய வளைவுகளை, முன்மொழிகிறேன். எத்தனை கூட்டம் என்று இந்த முறை சொல்லப் போவதில்லை. அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்