அந்தக் குடத்தில் இருந்தது எரிபொருள்: தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் (நாங்கள் குலசை என்போம்) ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய செய்தி உங்கள் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. போன அக்டோபரில் உங்களில் ஒருவருடைய படப்பிடிப்புக் குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. எந்தத் தொலைக்காட்சி என்று எழுதப்போவதில்லை. வேறு யார் வந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுவதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

குலசை தசராவைப் படம் பிடிக்க வந்தவர்கள் அவர்கள். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் என்பதால், விண்வெளியில் ஆர்வமுள்ள மாணவிகளைப் பற்றியும் ஒரு தொகுப்பு எடுக்கலாம் என்றார்கள். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை, ராக்கெட் ஏன் குலசையிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை விளக்கத் தானே ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள்.

பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் பெரிதாக இலங்கையை வரைந்தாள். அதற்கு வடக்கே ஒரு செங்கல், அது ஆந்திராவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். மேற்கே தள்ளி இன்னொரு செங்கல், அது குலசை. தோழி ஒருத்தியின் இடுப்பில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம். "துருவத்தைச் சுத்துற செயற்கைக்கோளுக்கு ராக்கெட் தெற்கே போகணும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரா போனா இலங்கை குறுக்கே வருது. அது மேல பறக்கக் கூடாது. அதனால முதல்ல கடல் பக்கம் விலகிப் போய், அப்புறம் திரும்பணும்" என்றாள். தோழி வேகமாக நடந்து சட்டென்று திரும்பினாள். குடம் தளும்பித் தண்ணீர் தரையில் கொட்டியது. "இதுதான் திரும்புறதுக்குச் செலவாகுற எரிபொருள். அவ்வளவுக்கு அவ்வளவு தூக்கிட்டுப் போற எடை குறையும். எஸ்.எஸ்.எல்.வி. சின்ன ராக்கெட், அதுக்குக் கட்டுப்படியாகாது" என்றாள். பிறகு அதே பெண் குலசைச் செங்கலிலிருந்து நேராகத் தெற்கே நடந்தாள். குடம் அசையவில்லை.

இருபது வருடமாகப் பாடம் நடத்தும் எனக்கு இந்தக் குடம் தோன்றியதில்லை. கேமராமேன் தம்பி நன்றாக இருக்கிறதென்று இரண்டு முறை எடுத்தார்.

ஒளிபரப்பான அன்று அந்தப் பிள்ளையின் அம்மா உப்பளத்திலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் முகம் சில விநாடிகள் வந்தது. "நான் விஞ்ஞானி ஆவேன்" என்றாள். அதுவும் படப்பிடிப்புக் குழு சொல்லச் சொல்லிச் சொன்னது. அடுத்து, குடத்தோடு நடந்த தோழி மெதுவாக அசையும் காட்சியில் வந்தாள். பின்னணியில் உருக்கமான இசை. குடம் சுமக்கும் இந்தக் கைகள் நாளை ராக்கெட்டும் செய்யும் என்று ஒரு குரல். ஏவுதளம் ஏன் குலசையில் என்பதை, ஸ்டுடியோவில் கோட் போட்ட ஒருவர் வரைபடத்தை வைத்துச் சொன்னார். அவர் சொன்னதும் எங்கள் பிள்ளை சொன்னதும் ஒன்றேதான்.

திங்கட்கிழமை அவள் என்னிடம் கேட்டாள். "டீச்சர், அது எரிபொருள்னு அவங்ககிட்ட தெளிவாத்தானே சொன்னேன்?" தோழியின் வீட்டில் வருத்தம் வேறு மாதிரி. "எங்க வீட்டுக்குக் குழாய் வந்து எத்தனை வருஷமாச்சு. எம்புள்ளய இப்படிக் காட்டிட்டாங்களே" என்று அவளுடைய அம்மா பள்ளிக்கே வந்து சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பெண் பிள்ளை அறிவியல் பேசினால், அந்த அறிவியலை வெட்டாதீர்கள். அவளுடைய கனவைப் போடுங்கள், கண்ணீரையும் வேண்டுமானால் போடுங்கள். ஆனால் அவள் சொன்ன விளக்கத்தையும் அவள் வாயாலேயே போடுங்கள்.

பெரியவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி எங்களுக்குப் பக்கத்துச் சீமை, செங்கோட்டைக்காரர். அவருடைய சொந்தபந்தம் எங்கே இருக்கிறார்கள் என்று என் மாணவிகளுக்குத் தெரியும். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்று அந்தக் கலம் சூரியனில் எதைப் பார்க்கிறது என்று கேட்டால் தெரியவில்லை. அரியலூர் வளர்மதி அம்மாவும் இஸ்ரோ விஞ்ஞானிதான். மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பூமியைப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோளான ரிசாட்-1-க்கு, 2012-ல், அவர்தான் திட்ட இயக்குநர். என் வகுப்பில் அது ஒருவருக்கும் தெரியாது. 

2022 ஆகஸ்டில், 750 அரசுப் பள்ளி மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோள் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் கிளம்பியது. மதுரைப் பக்கம் திருமங்கலம் பிள்ளைகளும் அதில் உண்டு. ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை. ராக்கெட்டின் இரண்டாம் நிலை பிரியும்போது உண்டான அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானிகள் தவறாகக் காட்டின என்று பிறகு தெரிந்தது. முடுக்கம் என்றால் என்னவென்று ஒன்பதாம் வகுப்பிலேயே படிக்கிறார்கள். ஏன் தவறியது என்று அந்தப் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்கலாம். அழுதீர்களா என்று கேட்டதைத்தான் நான் பார்த்தேன். 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 சரியாகப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பேட்டிகள்கூட இல்லை.

ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி எங்களுக்கு எவ்வளவு பக்கம். அங்கே போக வேண்டுமென்றால் ஆண் பிள்ளைகளை உடனே அனுப்புகிறார்கள். பெண் பிள்ளை என்றால் எத்தனை மணிக்குத் திரும்பும், யார் கூட வருவார்கள் என்று பத்து கேள்வி. வீட்டுக்கு வீடு போய்க் கெஞ்சி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். சரி, அது நானும் பெற்றோரும் பேசிக்கொள்ள வேண்டியது. ஆனால் அந்தப் பெற்றோர் ராத்திரி பார்ப்பது உங்களைத்தான். பக்கத்து ஊர்ப் பெண் ராக்கெட்டைப் பற்றி இரண்டு நிமிடம் தெளிவாகப் பேசுவதை அவர்கள் பார்த்திருந்தால், நான் வாசலில் நிற்கும் நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

குலசையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் நீங்கள் எல்லோரும் இங்கே வருவீர்கள். அன்று எங்கள் பள்ளிக்கும் வாருங்கள். பிள்ளைகளைப் பேசவிடுங்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்தை தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இன்னொரு சின்ன வேண்டுகோள், இது அன்று வந்த தொலைக்காட்சிக்கு. முற்றத்தில் எடுத்த அந்தப் பதிவு உங்களிடம் இன்னும் இருந்தால் அதைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். அந்த இரண்டு அம்மாக்களுக்கும் அதை முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்