மூணாவது படி

பாப்பா,

போன்ல பேச ஆரம்பிச்சா நீ பதறுவ, நானும் பாதியில நிறுத்திடுவேன், அதனால எழுதியே அனுப்பறேன். லேப்ல நின்னுக்கிட்டு படிக்காத, ரூமுக்கு போய் சாப்ட்டுட்டு படி கண்ணு.

கார்த்திகை தீபத்தன்னைக்கு கை சுளுக்கிக்கிச்சு, மழையில படி வழுக்கிடுச்சுன்னு சொன்னேன்ல. அன்னைக்கு மழையே இல்ல. வாசல், திண்ணை, மாடக்குழி, துளசி மாடம் எல்லா எடத்துலயும் அகல் வெச்சுட்டு, உங்கப்பா வேற புதுசா ஒரு எல்இடி ஃபோகஸ் லைட்டு மாட்டியிருந்தாரு, அத்தன வெளிச்சத்துல ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு அப்படியே கொல்லப்பக்கம் கோழிக்கூண்ட மூடப் போனேன். கதவத் தாண்டுனதும் ஒண்ணுமே தெரியல. மங்கலா கூட இல்ல பாப்பா, கம்பளியப் போட்டு மூடுன மாதிரி இருட்டு. முப்பது வருஷமா ஏறி எறங்கற படிதானேன்னு கால வெச்சுட்டேன், மூணாவது படியக் கால் தேடுச்சு, கெடைக்கல. கீழ உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு இருக்கும்போது, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு, அந்த சில்வர் ஓக் மரம், அப்பறம் கூண்டு, அப்பறம் என் காலு, ஒவ்வொண்ணா வந்துச்சு. அதுதான் எனக்கு மறக்க மாட்டேங்குது, எல்லாமே அங்கயேதான் இருந்துச்சு, என் கண்ணுதான் லேட்டா வந்து சேந்துச்சு.

ஏன் மறச்சேன்னு கேப்ப. போன மாசம் வீடியோ கால்ல நீ உன் எலிக்கண்ணு ஆராய்ச்சியோட ஈஆர்ஜி கிராஃபக் காட்டுனியே, வெளிச்சம் பட்டா ரெட்டினா, அதான் விழித்திரை, குடுக்கற மின் அலை, சின்ன எலிக்கு அலை உசரமா, கிழட்டு எலிக்கு கட்டையா, அதக் காட்டும்போது உன் கொரலு எறங்கிடுச்சு. நீ யார நெனச்சேன்னு எனக்குத் தெரியும். 18 மாசத்துலருந்து 24 மாசம் வரைக்கும் உள்ள எலின்னா மனுஷனுக்கு 56லருந்து 69ன்னு நீதான் சொன்ன, எனக்கு 64, நானும் உன் கூண்டுல இருக்கறதும் கிட்டத்தட்ட ஒரே வயசு. என்னால உனக்கு வேலை மேலயே பயம் வந்துடக் கூடாதுன்னுதான் மறச்சேன். ஆனா அப்பறம் யோசிச்சேன், அந்த எலி இருட்டுல என்ன ஆச்சுன்னு உங்கிட்ட வாயத் தொறந்து சொல்லாது. என்னால சொல்ல முடியும். இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவ நான், தெரிஞ்சதச் சொல்லாம உக்காந்திருக்கறது தப்பு.

முதல்ல இது லென்ஸு இல்ல. ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து புது லென்ஸு வெச்சாச்சு, பகல்ல கொடியில இருக்கற மொளக எண்ணுவேன். செக்கப்புல கடைசி வரி வரைக்கும் படிச்சேன், கண்ணு நல்லாருக்குன்னு அனுப்பிட்டாங்க. அந்த போர்டு முழு வெளிச்சத்துல இருக்கு பாப்பா, அதப் படிக்கறது கோன் செல்லு, நான் பத்தாம் கிளாஸ்ல கூம்பு செல்லுன்னு சொல்லிக் குடுத்தேனே அது. இருட்டுல நமக்கு வேலை செய்யறது ராட் செல்லு, அத யாரும் டெஸ்ட் பண்ணல. தானமா வந்த கண்ணுங்கள எடுத்து செல்லு செல்லா எண்ணிப் பாத்து 1993ல ஒரு பேப்பர் வந்துச்சுல்ல, 34 வயசுக்கும் 90 வயசுக்கும் நடுவுல மையப் பகுதியில ராட் மட்டும் 30 சதவீதம் மாதிரி கொறைஞ்சிருக்கு, கோன் பெருசா அசையலன்னு. போர்டுல நான் பாஸ் ஆனதும் படியில விழுந்ததும் ரெண்டுமே அதுலயே இருக்கு.

அதனாலதான் சொல்றேன், எலிக்கு மாக்குலாவே, அதான் ரெட்டினா நடுவுல கூர்மையாப் பாக்கற எடமே, இல்ல, அந்த எலிய வெச்சு வயசான மனுஷக் கண்ணப் படிச்சு என்ன பிரயோஜனம்னு உன் கமிட்டியில ஒருத்தர் கேட்டாருன்னு வருத்தப்பட்டியே, அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். மாக்குலா நோய்க்கு அது சரி, அதுக்கு கொரங்குதான் வேணும். ஆனா எலிக்கண்ணுல 97 சதவீதம் ராட். இருட்டுல கண்ணு ஏன் லேட்டாகுதுன்னு கேக்கறவளுக்கு எலிய விட நல்ல மிருகம் எது? உன் அம்மா விழுந்தது இருட்டுல கண்ணு லேட்டானதால.

உன் தீசிஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்ச படம் அந்த பைபோலார் செல்லுதான், ராட் குடுக்கற சேதிய வாங்கி அடுத்த செல்லுக்குக் குடுக்கறது. கிழட்டு எலியில அது தன்னோட அடுக்க விட்டு மேல ஏறி, ராட் செல்லோட உடம்பெல்லாம் இருக்கற அடுக்குக்குள்ள கிளைய நீட்டிக்கிட்டு போகுதுல்ல. வயசான மனுஷ ரெட்டினாவுலயும் அதே மாதிரி பாத்திருக்காங்கன்னு எழுதியிருந்த. மொளகுக் கொடிக்குப் புடிமானம் தளந்துட்டா காத்துல நுனிய ஆட்டி ஆட்டி அடுத்த மரத்தத் தேடும்ல, அதேதான். நீங்க அத சிதைவுன்னு தலைப்பு போடறீங்க, எனக்கு அப்படித் தோணல, கனெக்‌ஷன் போனப்பறமும் அது சும்மா உக்காராம தேடுது. அந்தத் தேடல்னால எலிக்கு கொஞ்சமாச்சும் பார்வை மிஞ்சுதா, இல்ல வீணாத்தான் நீளுதான்னு நீ பாக்கணும்னு எனக்கு ஆசை.

அப்பறம் அந்தப் பின்னாடி இருக்கற நிறமி அடுக்கு, நீங்க ஆர்பிஇன்னு சொல்றது. ராட் செல்லு தினம் நுனியில கொஞ்சம் உதுத்துட்டு அடியில புதுசு வளக்குது, எலியில பத்து நாளுக்குள்ள மொத்தமா மாறிடுதுன்னு ரேடியோ ஆக்டிவ் அமினோ அமிலம் ஏத்தி ரிச்சர்ட் யங் 1967லயே காட்டிட்டாரு. உதுத்ததத் தின்னு தீக்கறதும் இந்த ஆர்பிஇதான், ராட் செல்லுல வெளிச்சத்தப் புடிக்கற ரோடாப்சினுக்கு வேணுங்கற விட்டமின் ஏவ திருப்பிப் பதம் பண்ணிக் குடுக்கறதும் இதுதான். ஆனா பெரியவங்களானப்பறம் இந்த செல்லு மட்டும் பெருகறதே இல்ல. ஒரே ஆளு அறுபது வருஷமா கூட்டிப் பெருக்கி, சமையலும் செஞ்சு, செரிக்காத மிச்சத்த தன் வயித்துலயே சேத்து வெச்சுக்குது, அந்த மஞ்சப் பழுப்பு லிப்போஃபூசின். அன்னைக்கு ராத்திரி நான் காத்திருந்த அந்த ரெண்டு மூணு நிமிஷம் அங்கருந்து சப்ளை வரத்தான்னு நெனைக்கறேன்.

ஒண்ணு மட்டும் அம்மாவா இல்ல, டீச்சரா கேக்கறேன். உன் கிழட்டு எலிங்க கூண்டு எந்த ரேக்குல இருக்கு? மேல் ரேக்குல டியூப் லைட்டுக்குப் பக்கத்துல இருந்தா, வயசுனால போச்சா வெளிச்சத்துனால போச்சான்னு எப்படிப் பிரிப்ப? வெள்ள எலிய விடாம வெளிச்சத்துல வெச்சா ராட் செத்துடும்னு வெர்னர் நோயல் 1966ல சொன்னது. உன்னுது கறுப்பு எலி, அது கொஞ்சம் தாங்கும், இருந்தாலும் எழுதி வை. இன்னொண்ணு, ரெட்டினாவக் கெடுக்கற அந்த ஆர்டி8 மியூட்டேஷன், ஒரு வகை கறுப்பு எலியில பொறப்புலயே ஒளிஞ்சிருக்குன்னு 2012ல கண்டுபுடிச்சாங்களே, உன் எலிக்கு அது இல்லன்னு செக் பண்ணிட்டியா? பொறவி நோய வயசுன்னு எழுதிடக் கூடாது.

மேல கொரங்குன்னு எழுதுனேன்ல, அதுல ஒண்ணு ஞாபகம் வருது. நீ சின்னதுல பகோடா பாயிண்ட்ல உன் கையிலருந்து மக்காச்சோளத்தப் புடுங்கிட்டுப் போச்சே, அது நம்ம ஊரு நாட்டுக் கொரங்கு. வடக்க இருக்கற ரீசஸ் கொரங்க 1938ல இந்தியாவுலருந்து கப்பல்ல ஏத்தி, பியூர்ட்டோ ரிக்கோ பக்கத்துல காயோ சாண்டியாகோங்கற தீவுல நானூத்துச் சொச்சத்த விட்டாங்க, அதோட பேரன் பேத்திங்க இன்னும் அங்க இருக்கு. அதுங்கள்ல வயசானதுக்கு மாக்குலாவுல ட்ரூசன்னு மஞ்சப் புள்ளி இருக்கறதப் பாத்திருக்காங்க, நம்மளுக்கு வர்ற அதே புள்ளி. மருந்து மாத்திர காரணமில்லாம, தீவுல திறந்த வெளியில வாழ்ந்ததுக்கும் வந்துருக்குன்னு படிச்சப்ப எனக்கு மனசு லேசாச்சு. நான் ஏதோ தப்பு பண்ணி கண்ணக் கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

உங்க அத்தை ஒரு ஃபார்வர்டு அனுப்பிச்சு, கெழட்டு எலிக்கு பார்வை திரும்பிடுச்சு, இனி கண்ணாடியே வேண்டாம்னு. அது 2020 டிசம்பர்ல வந்த வேலைதானே, மூணு ஜீன வைரஸ்ல ஏத்தி எலிக்கண்ணுக்குள்ள ஊசி போட்டது. அது திருத்துனது கண்ணுலருந்து மூளைக்கு சேதி கொண்டு போற கேங்லியான் செல்ல, ராட் செல்ல இல்லன்னு அத்தைக்கு அரை மணி நேரம் சொன்னேன். நல்ல வேலை, சந்தோஷந்தான். ஆனா நம்ம தெருவுல ஒருத்தர் இத நம்பி க்ளௌக்கோமா சொட்டு மருந்த நிறுத்திட்டாரு பாப்பா, அவரு வீட்டுக்கே போய் திரும்பப் போட வெச்சுட்டு வந்தேன்.

இப்ப நான் என்ன பண்றேன்னு சொல்றேன். ஒரு நோட்டு போட்டிருக்கேன். சமையக்கட்டு லைட்ட அஞ்சு நிமிஷம் பாத்துட்டு கொல்ல வாசல்ல நின்னு, இருபதடி தள்ளி வெச்ச வெள்ள பீங்கான் தட்டு எப்ப தெரியுதுன்னு போன்ல டைம் பாக்கறோம், போனத் துணிய போட்டு மூடிட்டு. நெலா இல்லாத ராத்திரியில மட்டும். பக்கத்து எஸ்டேட் ரைட்டர் பொண்ணு, 22 வயசு, அதுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள தெரிஞ்சிருது. எனக்கு ஒரு நாளு நாலு, ஒரு நாளு அஞ்சரை. உங்கப்பாவுக்கு 70, அவருக்கு ஏழு, அவரு ஒத்துக்கல, திருப்பி எடுக்கணுங்கறாரு. மூணாவது படி ஓரத்துல வெள்ள பெயிண்ட்டு அடிச்சாச்சு, கீழ்ப்படிக்கு ஒரு சின்ன சிவப்பு பல்பும் மாட்டியாச்சு, வெள்ள லைட்டு போட்டா திரும்ப முதல்லருந்து காத்திருக்கணும்ல, அதான் சிவப்பு.

காப்பித்தூளும் மொளகும் பார்சல்ல வருது. பொங்கலுக்கு வரும்போது அமாவாசை ஒட்டி நாலு நாள் சேத்து லீவு போடு. நோட்டுல இருபது, அறுபது, எழுபது மட்டும் இருக்கு, முப்பதுக்கு ஒரு பக்கம் காலியா விட்டிருக்கேன்.

அம்மா
ஏற்காடு