'அம்மா' எங்கிருந்து வந்தது? தமிழையாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பழைய மாணவர் குழுவில் நீங்கள் போட்ட குரல் பதிவைக் கேட்டேன். உலகத்தில் எந்த மொழியை எடுத்தாலும் தாயைக் குறிக்கும் சொல்லில் 'ம' இருக்கிறது, அது நம் 'அம்மா'விலிருந்து போனதுதான் என்று பேசியிருந்தீர்கள். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. உங்களிடம் தமிழ் படித்தவன் என்ற உரிமையில் அதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கவனித்தது உண்மைதான். சீனத்தில் மா, சுவாஹிலியில் மாமா, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பேசும் கெச்சுவாவிலும் மாமா, ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மொழியில் அமா, அரபியில் உம், சுமேரியரின் களிமண் பலகைகளில் அமா. இவை ஒரே குடும்பத்து மொழிகள் இல்லை. ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற மானிடவியலாளர் தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களை உலகமெங்கும் இருந்து திரட்டி 1959இல் வெளியிட்டார். தாய்க்கான சொற்களில் பாதிக்கு மேல் ம, ந போன்ற மூக்கொலிகள். தந்தைக்கான சொற்களில் அவை மிகக் குறைவு.

ஏன் இப்படி என்று ஆராய்ந்தவர் ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர். பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கிறது, மூக்கு வழியாகத்தான் முனக முடியும். அந்த முனகல் 'ம்'. பின்னால் பாலைக் கண்டாலும் பசித்தாலும் அதே ஒலி வருகிறது. உதட்டைத் திறந்தால் 'ஆ'. அந்த 'ம்மா'வைக் கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தாய் எடுத்துக்கொள்கிறாள். சொல்லுக்குப் பொருள் தருவது பெரியவர்கள்; ஒலி குழந்தையினுடையது.

இதைப் படித்ததும் நீங்கள் நடத்திய தொல்காப்பியப் பிறப்பியல்தான் நினைவுக்கு வந்தது. 'அ ஆ ஆயிரண்டு அங்காந்து இயலும்', 'இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்' என்று எங்களை உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வைத்தீர்களே ஐயா. வாய் திறந்தால் ஆ, இதழ் சேர்ந்தால் ம, ப. அதற்கு நாக்கைப் பழக்க வேண்டியதில்லை, பல்லும் தேவையில்லை. பல் முளைக்காத வாய் முதலில் எதைச் சொல்லும் என்பதற்கு விடை அந்த இரண்டு நூற்பாக்களிலேயே இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்திலேயே அப்பா, பாபா, பாப்பா எல்லாம் நிற்பதற்கும் அதுதான் காரணம்.

'அம்மா' தமிழிலிருந்து போனது என்றால் விலகி நிற்பவற்றுக்கு என்ன சொல்வது? ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மா 'தெதா'. தாய்மொழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தெதா ஏனா'. 1978 ஏப்ரல் 14ஆம் தேதி, ஜார்ஜிய மொழியின் அரசுமொழித் தகுதியைச் சட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்த சோவியத் ஆட்சியை எதிர்த்து, திபிலிசி நகரத் தெருக்களில் மக்கள் திரண்டு அதைக் காப்பாற்றினார்கள். மொழிக்காகத் தெருவில் இறங்கிய நமக்கு அது புரியும். அவர்கள் காப்பாற்றிய அந்தத் தாயின் பெயரில் 'ம' இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், மங்களூருக்குப் போனால் போதும். துளுவில் 'அப்பெ' என்றால் அம்மா, 'அம்மெ' என்றால் அப்பா! துளு நமக்குச் சகோதர மொழி. பக்கத்து வீட்டிலேயே இப்படி மாறிக் கிடக்கும்போது, நம் சொல் கடல் தாண்டிப் போய் ஆண்டீஸ் மலையில் பிசகாமல் நின்றது என்று எப்படிச் சொல்வது?

ஜப்பானியர்களிடம் ஒரு பழைய விடுகதை உண்டு, 1516ஆம் ஆண்டுத் தொகுப்பில் வருவது. தாயை இரண்டு முறை சந்திக்கும், தந்தையை ஒரு முறைகூடச் சந்திக்காது, அது என்ன? விடை: உதடு. இன்று ஜப்பானியத்தில் தாய் 'ஹஹ', தந்தை 'சிசி'. இரண்டிலுமே உதடு சேராது. ஆனால் அந்தக் காலத்தில் 'ஹஹ'வை உதடு கூட்டித்தான் சொன்னார்கள். அதற்கும் முன்னால் அது 'பபா' போல ஒலித்திருக்கிறது. உச்சரிப்பு மாறிப்போன பிறகும் விடுகதை மட்டும் சாட்சியாக மிஞ்சியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆங்கிலத்து மதர், லத்தீனத்து மாத்தர், சமஸ்கிருதத்து மாதா, பாரசீகத்து மாதர் எல்லாம் ஒரு மூலச் சொல்லின் கிளைகள் என்பது வேறு கதை. ஒலி மாற்றங்களை வரிசையாக ஒப்பிட்டு நிறுவியது அது. அந்தக் கிளையில் அல்பேனிய மொழியில் மட்டும் 'மோத்தர்' அக்கா தங்கையைக் குறிக்கிறது. அப்புறம், 'மம்மி' என்றால் பிணம் என்று பதிவின் கடைசியில் சொன்னீர்கள். எகிப்தியப் பிணத்துக்கான மம்மி, மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து அரபி வழியாக வந்தது. அம்மாவை அழைக்கும் மம்மிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படிக் கூப்பிடும் பிள்ளையை வகுப்பில் கூசவைக்க வேண்டாம் ஐயா.

நாம் பெருமைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. குறுந்தொகை 40ஆம் பாட்டில் செம்மண்ணையும் மழைநீரையும் எல்லோரும் சொல்கிறார்கள், முதல் வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 'யாயும் ஞாயும்'. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவர்களின் தாய். எந்தை, நுந்தை, தந்தையும் அப்படியே. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. யாருடைய உறவு என்பது சொல்லுக்குள்ளேயே இருந்தது. 'அம்மா' எந்தக் குழந்தையின் வாயிலும் பிறக்கும். இந்த ஒழுங்கு அப்படித் தானாக வராது. தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி நம் மக்கள் அமைத்தது. இன்று படர்க்கைச் சொல்லான 'தாய்' மட்டும் மிஞ்சி, அதற்கு முன்னால் 'என்' சேர்த்துக்கொள்கிறோம்.

அடுத்த குரல் பதிவில் யாய், ஞாய், தாய் பற்றிப் பேசுவீர்களா? கூடவே, அவரவர் வீட்டில் தாயை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று குழுவில் ஒரு கேள்வி போடுங்கள். ஆத்தா, ஆயி, அம்மை, உம்மா என்று நம் வகுப்பிலேயே பல வரும். எந்த ஊர், எந்தத் தலைமுறை என்ற குறிப்போடு நான் தொகுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவன்