அஞ்ஞாதெல்லோவோடு கதை முடியவில்லை

ஆசிரியருக்கு, ஞாயிறு இணைப்பில் வந்த வெனிஸ் குடியரசு பற்றிய கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் 1509 மே 14 அன்று வட இத்தாலியின் அஞ்ஞாதெல்லோவில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றதோடு வெனிஸின் கதை முடிந்தது என்று எழுதியிருப்பது சரியில்லை. போப் இரண்டாம் ஜூலியஸ், பிரான்சின் பன்னிரண்டாம் லூயி, புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன், அரகோன் மன்னர் பெர்டினாண்ட் என நாலு பெரிய கைகள் காம்ப்ரே நகரில் உருவான கூட்டணியில் சேர்ந்து நெருக்கியும், இரண்டே மாதத்தில், ஜூலை 17 அன்று, கைநழுவிப் போயிருந்த பக்கத்து நகரமான பாதுவாவை வெனிஸ் திரும்பப் பிடித்துவிட்டது. அப்புறம் மாக்சிமிலியனே பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டும் நகரம் விழவில்லை, அவர் வெறுங்கையோடு திரும்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் போப்பே வெனிஸுடன் சமாதானமாகிவிட்டார்.

மகன் வேலை பார்க்கும் பாதுவாவுக்குப் போனபோது, அந்த முற்றுகைக்குப் பின் வெனிஸ் கட்டிய கோட்டை மதிலை ஒட்டி நடந்திருக்கிறேன். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்கென்றே தாழ்வாக, அகலமாகக் கட்டியிருக்கிறார்கள், தோற்று முடங்கிப்போன அரசு செய்கிற வேலையா அது? வெனிஸ் கடலை மட்டும் நம்பியிருந்த ஊர் என்ற எண்ணமும் இதனால்தான் தவறு. அடுத்த வாரமே பாதுவா முற்றுகை பற்றி, ஒரு வரைபடத்தோடு, தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்