ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டும் வேலை கீழ்மதகு வரை முடிந்தது. வட்டாட்சியர் அனுமதியுடன் வண்டல் மண் எடுத்து வயல்களுக்கு அடித்தோம். ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலில் விரிசல் விட்ட இடம் பூசப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மற்றபடி இந்த ஆண்டு செயற்குழு கூடியதெல்லாம் ஒரே விண்ணப்பத்துக்காகத்தான். மேல்மதகு ஆயக்கட்டில், அதாவது அந்த மதகுத் தண்ணீர் பாயும் பரப்பில், உள்ள விவசாய நிலத்தைக் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றித் தரும்படி ஒரு மனை நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து நம் பக்கம் மனை கேட்டு வருவோர் பெருகிவிட்டார்கள். 2023-இல் மேல்மா பகுதி விவசாயிகள் போராடியது அந்தச் சிப்காட் விரிவாக்கத்துக்கு அரசு நிலம் எடுப்பதை எதிர்த்து. இங்கே நிலைமை வேறு. நிலத்தைக் கொடுக்க முன்வந்திருப்பவர்களில் நம் உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் வயலில் கல் நட்டு, விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு அது எளிதாக இல்லை. 2017-இல் வந்த விதிகளின்படி, நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் நம்மைப் போன்ற ஊர்களிலும் நில உபயோக மாற்றத்துக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு வேண்டும். அந்தக் கோப்பு முடிவதற்குள் நாம் பேசியாக வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போட்டு விண்ணப்ப நகலைப் பெற்றோம். நிலம் பல ஆண்டுகளாகத் தரிசு என்று அதில் எழுதியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிக் கணக்கான அடங்கலும் அதையேதான் சொல்கிறது. ஆனால் நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அது நஞ்சை. ஒருகாலத்தில் சம்பா விளைந்த மண் எப்படித் தரிசானது? மேல்மதகு வாய்க்கால் தூர்ந்து, கடைமடைக்குத் தண்ணீர் போகாமல் நின்றதால்தான். அந்த வாய்க்காலை வெட்டிச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பில் நம் சங்கமும் தவறியது. விற்கிறவர்களைக் குறைசொல்லும் முன் இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நில அளவைத் துறையின் புலப்படத்தையும் நிறுவனத்தின் மனைப்பிரிவு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு தனி உட்பிரிவாக இருக்கிறது. மனை வரைபடத்தில் அதே இடத்தில் சாலை ஓடுகிறது. அந்த வாய்க்காலை நம்பித்தான் அதற்குக் கீழே உள்ள வயல்கள் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் நிலத்தை விற்கவில்லை.

சிறப்புக் கூட்டத்தில் இரு தரப்பும் மனம்விட்டுப் பேசியது. நிலம் கொடுக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர், "தண்ணீர் இல்லாதபோது என் வயலைப் பார்க்க யாரும் வரவில்லை. விற்கும்போது மட்டும் எல்லாரும் வருகிறீர்கள்" என்றார். பதில் சொல்ல எவராலும் முடியவில்லை. நெடுநேர விவாதத்துக்குப் பின், யார் நிலத்தை யார் விற்பது என்பதில் சங்கம் தலையிடுவதில்லை, தண்ணீர்ப் பாதையை விட்டுக்கொடுப்பதும் இல்லை என்று முடிவானது. இதைவிட நேர்மையான முடிவு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்படி ஆட்சேபணை மனுவில் நான்கு கோரிக்கைகள் வைத்தோம். நில அளவையர் வந்து வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும். அதன் முழு அகலமும் வரைபடத்தில் வாய்க்காலாகவே இருக்க வேண்டும். சாலை குறுக்கிடும் இடங்களில் சிறு குழாய் பதிக்காமல் பாலம் கட்ட வேண்டும். மண் கொட்டி மனைகளை மேடாக்கினால் மழைநீர் எங்கே வடியும் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மேடான மனையில் தங்காத நீர் பக்கத்து நாற்றங்காலுக்குத்தான் வரும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதே கோரிக்கைகள் தீர்மானமாக நிறைவேறின. நிலம் கொடுப்பவர்களும் கையெழுத்திட்டார்கள். நிறுவனத்தார் பாலத்துக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் தரவில்லை. கோப்பு நிலுவையில் இருக்கிறது.

நில அளவையர் வரும் நாளில் மேல்மதகு உறுப்பினர்கள் பழைய பட்டா, புலப்பட நகல்களுடன் வாய்க்கால் கரையில் இருக்க வேண்டும். அளவு முடிந்த மறுநாளே, கல் நட்ட எல்லைக்குள் தூர்வாரத் தொடங்குகிறோம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்