அகராதி தருவது விருது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்தியச் சொற்கள் இடம்பெறுவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில் 'அங்கீகாரம்', 'கௌரவம்' என்றே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. 2016-இல் 'அய்யோ' சேர்ந்தபோதும், மறு ஆண்டு மூத்த சகோதரர் என்ற பொருளில் 'அண்ணா' சேர்ந்தபோதும் இதே பெருமிதம்தான். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் இதை மறுத்துச் சொல்லியாக வேண்டும்.

அகராதிக்காரர்கள் எந்தச் சொல்லுக்கும் நற்சான்று வழங்குவதில்லை. பலர் தனித்தனியாக அதை எழுதியிருக்கிறார்களா, சில ஆண்டுகளாவது நிலைத்திருக்கிறதா, பொருள் விளக்காமலேயே வாசகருக்குப் புரியும் என்று நம்பி எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறார்கள். ஜேம்ஸ் மர்ரே இந்த அகராதியின் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற 1879-இல் ஆங்கிலம் படிக்கும் பொதுமக்களிடமே உதவி கேட்டார். ஒரு சிறு தாளின் இடது மேல் மூலையில் சொல்லை எழுத வேண்டும். அதன் கீழே ஆண்டு, எழுதியவர் பெயர், நூல், பக்கம். பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம், ஓர் எழுத்தும் மாறாமல். இப்படி லட்சக்கணக்கான சீட்டுகள் வந்து குவிந்தன. ஏராளமாக அனுப்பியவர்களில் ஒருவரான டபிள்யூ. சி. மைனர் இலங்கையில் பிறந்தவர். இன்று சீட்டுகளின் இடத்தில் மின்தரவுகள் இருக்கின்றன. ஆனால் ஆண்டும் மேற்கோளும் இல்லாமல் இன்றும் எதுவும் நடக்காது.

'ப்ரீபோன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்ல நம் அலுவலகங்களில் நாள்தோறும் புழங்குவது. இந்தியர்கள் செய்த பிழை என்று இதை ஒதுக்குவோர் பலர். அகராதியின் மேற்கோள் வரிசையைப் பார்த்தால், 1913-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஒருவர் எழுதிய கடிதத்தில் இதே பொருளில் அது இருக்கிறது! அங்கே வேரூன்றாத சொல் இங்கே தழைத்தது. பதிவேடு இல்லாவிட்டால் இந்த வரலாறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

இத்தகைய சொற்களுக்கு அகராதி இடும் 'இந்திய ஆங்கிலம்' என்ற குறிப்பையும் பலர் இரண்டாந்தர முத்திரையாக எண்ணுகிறார்கள். பிரிட்டனில் மட்டும் வழங்கும் சொற்களுக்கும் இப்போது அதேபோல் 'பிரிட்டிஷ்' என்று குறிப்பு போடுகிறார்கள். ஆங்கிலத்தில் முழுமையாகக் கலக்காத சொற்கள் என்று கருதியவற்றின் முன்னால் மர்ரே இரண்டு செங்குத்துக் கோடுகள் இட்டார். அங்கிருந்து அகராதி நெடுந்தூரம் வந்துவிட்டது. 2020-இல் நைஜீரிய ஆங்கிலச் சொற்கள் இருபத்தொன்பது சேர்ந்தன. அடுத்த ஆண்டு கொரியச் சொற்கள் வந்தன.

என் கவலை வேறு. அச்சில் ஏறி, தேடக் கிடைப்பவையே சான்றாகின்றன. சென்னை மாகாணத்தில் வெளிவந்த பழைய ஆங்கில இதழ்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், நகராட்சி அறிக்கைகள் நூலகங்களில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. நம் மக்கள் ஆங்கிலத்தை எப்படி வளைத்து எழுதினார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. அவற்றை மின்பதிப்பாக்கும்படி அரசை வலியுறுத்தி நீங்கள் தலையங்கம் எழுத வேண்டும்.

கூடவே இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, அந்தச் சொல்லுக்கு அகராதி காட்டும் முதல் மேற்கோளையும் அதன் ஆண்டையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில விரிவுரையாளர் ஒருவர்,
திருநெல்வேலி